மூன்றாம் ரவுண்டில் கேட்ட சத்தம்

எழுபத்தொன்றாம் வருஷம் தை மாதம் ஐந்தாம் தேதி, மாயவரம் பொருட்காட்சி மைதானத்தில், மீரா உசேன் நீலமேகத்தை ஜெயித்தார். இந்த ஒரு வரியை ஒரு வரியாகச் சொல்லி மீரா உசேன் முடித்ததே கிடையாது. நாகப்பட்டினம் கடைத்தெருவில் அவருக்கு நைலான் நூல் கடை. வலை நூல் வாங்க வந்தவர், தூண்டில் முள் வாங்க வந்தவர், சும்மா நிழலுக்கு ஒதுங்கியவர், யாராக இருந்தாலும் ஆறு ரவுண்டையும் கேட்டுவிட்டுத்தான் படியிறங்க முடியும். அவசரம் என்று சொன்னால் நாலு ரவுண்டோடு விடுவார். அதற்குக் குறைத்து விட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அவரைக் குற்றம் சொல்லவும் மனசு வராது. நாலு வருஷத்தில் ஐந்து முறை அந்த ஆளோடு கயிற்றுக்குள் ஏறியிருக்கிறார். மூன்று முறை தோற்றார். ஒரு முறை சமன். ஜெயித்தது இந்த ஒன்றுதான். முப்பத்தொன்பது வயதில், கண்ணோரம் தையல் போட்ட முகத்தோடு, பல ஊர் ஜனங்கள் பார்க்க நடுவர் தன் கையைத் தூக்கிப் பிடித்த அந்த நிமிஷத்தை ஒரு மனுஷன் சொல்லாமல் என்ன செய்வார்?

பாக்ஸிங் அந்த ஊருக்குப் பினாங்குக் கப்பலில் வந்த பழக்கம். அக்கரைக்குப் போய் வந்தவர்கள் தைலம், டார்ச் லைட், சட்டைத்துணியோடு இரண்டு ஜோடி கையுறையையும் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்புறம் துறைமுகத்தில் அது தானாக வேர் பிடித்துக்கொண்டது. நீலமேகம் தோணித் தொழிலாளி. கப்பல் கரையை ஒட்டி வராது, ஒரு மைல் தள்ளி நடுக்கடலில் நிற்கும். மூட்டைகளைத் தோணியில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பத்து வயதிலிருந்து துடுப்பும் மூட்டையும் பிடித்த வலது கை அது. அந்தக் கையால் ஒரு குத்து விழுந்தால் கண்ணுக்குள் மஞ்சள் மஞ்சளாகப் பூச்சி பறக்கும் என்பது மீரா உசேனின் சொந்த அனுபவம். போஸ்டரில் 'இடிக்கை நீலமேகம்' என்று போடுவார்கள். பெயரை வைத்தது போஸ்டர்காரன்தான். அதை ஊரெல்லாம் பரப்பியது மீரா உசேன். தன்னை வீழ்த்திய கை பெரிய கை என்றால் தான் விழுந்ததும் கௌரவம்தானே?

ஊரில் தினமும் நூறு பேர் அடித்துக்கொள்கிறார்கள். அதையெல்லாம் போட்டி என்று யாரும் சொல்வதில்லை. ஒருவருக்கு மூச்சு எந்த நிமிஷத்தில் வாங்கும், எந்தத் தோள் முதலில் இறங்கும் என்பது அவர் மனைவியைவிட எதிராளிக்கு நன்றாகத் தெரிந்திருந்தால், அப்போதுதான் அது போட்டி. இவர்கள் இருவருக்கும் அப்படித் தெரியும். நீலமேகம் குத்துவதற்கு முன் இடது கண்ணைச் சற்றே சுருக்குவார் என்று மீரா உசேனுக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பது நீலமேகத்துக்கும் தெரியும் என்பதும் மீரா உசேனுக்குத் தெரியும். சில சமயம் அவர் கண்ணைச் சுருக்கிவிட்டுக் குத்தாமல் விடுவார். இவர் விலகி நின்று அசடு வழிவார்.

துறைமுகத்து ஆட்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சண்டை முடிந்த மூன்றாம் நாள், தோற்றவர் ஜெயித்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். ஜெயித்தவர் தன் கையால் பரிமாற வேண்டும். யாருக்கு எங்கே அடி, எது உடைந்தது, எது வீங்கியது என்று இருவரில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. அதற்கு 'மூணாம் நாள் சோறு' என்று பெயர். சமனாகப் போய்விட்டால் இருவரும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு பன் தின்ன வேண்டும். அதைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை ஊருக்கு உண்டு.

மீரா உசேன் மூன்று முறை நீலமேகம் வீட்டில் மூணாம் நாள் சோறு தின்றிருக்கிறார். நீலமேகத்தின் மனைவி ராஜாத்தி நண்டுக் குழம்பு வைப்பாள். நீலமேகம் நண்டை உடைத்து, சதையை எடுத்து, தாடை அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் இவர் இலையில் வைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இவர் அதைச் சொல்லும்போதெல்லாம் மனைவி கமருன்னிஸா, "நம்ம வீட்டுல என்னைக்கு மச்சான் அந்தச் சோத்த ஆக்குறது?" என்று கேட்பாள். நாலு வருஷமாகக் கேட்டாள்.

தை எட்டாம் தேதி ஆக்கினாள். நெய்ச்சோறு, ஆணம் என்கிற ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய் போட்ட தால்சா. அவர்கள் வழக்கப்படி சஹனில் சாப்பாடு. சஹன் என்றால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுகிற பெரிய தாம்பாளம். மீரா உசேன், அவர் மச்சினன் சேக் தாவூது, பொருட்காட்சியில் நடுவராக இருந்த அப்துல் மஜீது, நாலாவது இடத்தில் நீலமேகம். தோளில் ஒரு கனத்த துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மீரா உசேன் கை கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நீலமேகம் கையை நீட்டவில்லை.

"மன்னிச்சுக்குங்க பாய். வயிறு சரியில்ல. நீங்க சாப்புடுங்க, நான் பக்கத்துல இருக்கேன்."

"ஒரு வாயாவது வைங்க நீலமேகம். காலைலேர்ந்து அடுப்படியில நிக்கிறா அவ."

"வேணாம் பாய். குடிக்கத் தண்ணி மட்டும் குடுங்க."

தண்ணீரைக் குடித்துவிட்டு, மூன்று பேரும் சாப்பிட்டு முடிக்கும்வரை நிமிராமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு பெருநாளுக்கு அதே வீட்டில், அதே சஹனில் கைபோட்டு வயிறு நிறையச் சாப்பிட்ட ஆள்தான். அதனால் சாதி, மதம் என்று சொல்லவும் வழியில்லை. தோற்ற திமிர் என்று மீரா உசேன் முடிவுகட்டினார். மறுநாளிலிருந்து ஆறு ரவுண்டு கதையோடு ஏழாவது ரவுண்டாக இதுவும் சேர்ந்துகொண்டது. "மூணு தடவ அவரு வீட்டுல நான் தலைய குனிஞ்சு தின்னேன். ஒரு தடவ என் வீட்டுல அவரால தின்ன முடியல. தோக்குறதுக்கும் ஒரு மனசு வேணும்ங்க." கேட்டவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டினார்கள். நீலமேகத்தின் குப்பத்தில் இரண்டு பேர் வருத்தப்பட்டு வேறு கடையில் நூல் வாங்க ஆரம்பித்தார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்தச் சாப்பாட்டுக்கு ஐந்து நாள் கழித்து, பொன்னாவரம் என்கிற கிராமத்தில் ஒரு கலவரம் நடந்தது.

அந்தக் காலத்தில் சம்பா அறுப்புக்கு அரிவாளோடு போலீஸ் வேனும் வயலுக்கு வந்துகொண்டிருந்தது. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள் உள்ளூர் ஆட்கள். மிராசுதார் அமிர்தலிங்கம் முடியாது என்று சொல்லி, வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டது என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்தார்கள். வயல் வரப்பில் யாருடைய ஆட்சி நடந்தது என்பது வரப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். விவசாயத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகத் தோணிச் சங்கத்திலிருந்து நாற்பது பேர் கொடியோடு போனார்கள். நீலமேகமும் போனார். தள்ளுமுள்ளு ஆகி, கல் பறந்து, எல்லாம் கலைந்தபோது மிராசுதாரின் காரியக்காரர் செல்லத்துரை மதகுக் கல்லில் பின்மண்டை மோதிச் செத்துக் கிடந்தார். இடது தாடை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது.

யார் அடித்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. போலீசுக்கு மட்டும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஒரே குத்தில் தாடையை உடைக்கிற கை இந்த வட்டாரத்தில் யாருக்கு இருக்கிறது? கைது செய்து டாக்டரிடம் காட்டினால், வலது கையில் விரல் முட்டிக்குப் பின்னால் எலும்பு முறிந்து வீங்கியிருந்தது. சமீபத்தில் ஏற்பட்டது என்று டாக்டர் எழுதினார். பலமாக எதையோ குத்தியதால் ஆகியிருக்கலாம் என்றும் எழுதினார். கலவரத்துக்கு அப்புறம் கையைத் துண்டுக்குள் மறைத்து வைத்திருந்ததைப் பார்த்ததாகச் சொல்ல மிராசுதார் தரப்பில் மூன்று சாட்சிகள் இருந்தார்கள். இதற்கு மேல் ஒரு வழக்குக்கு என்ன வேண்டும்?

கை எப்படி உடைந்தது என்று கேட்டதற்கு நீலமேகம் யாருக்கும் பதில் சொல்லவில்லை. போலீசுக்குச் சொல்லவில்லை. சங்கம் வைத்துக் கொடுத்த வக்கீல் பஞ்சநதத்துக்கும் சொல்லவில்லை. ராஜாத்தியையும் சொல்ல விடவில்லை.

ஆடி மாதம் செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை வந்தது. அரசாங்கத் தரப்பு சாட்சிகளில் ஒருவராக மீரா உசேனுக்குச் சம்மன் வந்தது. கூடவே இன்ஸ்பெக்டரும் வந்து கடையில் உட்கார்ந்து சோடா குடித்தார்.

"பெருசா ஒண்ணுமில்ல பாய். நீங்க ஜெயிச்ச கதைய அப்படியே கோர்ட்டுல சொன்னாப் போதும். தை அஞ்சாந் தேதி அந்தக் கையால ஆறு ரவுண்டும் உங்களோட மோதினாரா இல்லியா? மோதினாரு. அப்ப அன்னிக்குக் கை நல்லா இருந்துது. பதிமூணாந் தேதி செல்லத்துரை செத்தப்புறம் உடைஞ்சு இருக்குது. அவ்வளவுதான். உங்களுக்குத்தான் அந்தக் கதை மனப்பாடமாச்சே."

மீரா உசேன் சிரித்தார். சாட்சிக்கூண்டில் ஏறி, ஜட்ஜ் முன்னால் ஆறு ரவுண்டையும் சொல்லப்போகிறோம் என்ற நினைப்பு அவருக்கு இனிக்கத்தான் செய்தது. அதை மறைத்துச் சொல்வதில் என்ன லாபம்? இஸ்திரி போட்ட சட்டையை அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டார்.

சாட்சிக்கு முந்தின நாள் மத்தியானம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கமருன்னிஸா விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு விசிறாமல் நின்றாள்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க மச்சான்?"

"நடந்ததத்தான்."

"எல்லாத்தையுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கு நான் திரைக்குப் பின்னாலதான் நின்னேன். நீங்க தண்ணி குடுத்தப்ப அவரு எடது கையால வாங்குனாரு. விருந்துக்கு வந்த வீட்டுல எந்த மனுசன் எடது கையால வாங்குவான்? வலது கைய துண்ட விட்டு வெளியில எடுக்கவே இல்ல. சஹன்ல எடது கைய போட முடியுமா? அதான் சாப்புடல. எனக்கு அன்னிக்கே வெளங்கிச்சு."

"வெளங்கிச்சுன்னா அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினார் மீரா உசேன்.

"நாலு வருசம் காத்திருந்து ஆக்குன சோறு மச்சான். நீங்க ஜெயிச்சதுல எனக்கும் பங்கு இருந்துச்சு. அதக் கெடுத்துக்க மனசு வரல. நானும் தப்புதான் பண்ணேன்." விசிறியைக் கீழே வைத்தாள். "ஆனா நான் திரைக்குப் பின்னால நின்னவ. நீங்க அவரு முன்னால செம்போட நின்னீங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னா நான் மேல பேசல."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். வாய் வரவில்லை.

அவருக்குத் தெரியும். செம்போடு நின்றபோது தெரிந்ததல்ல, அதற்கு மூன்று நாள் முன்பே தெரியும். மூன்றாம் ரவுண்டில் நீலமேகத்தின் வலது கை வந்தது. இவர் தலையைக் குனிந்தார். குத்து உச்சிமண்டையில், எலும்பு கெட்டியாக இருக்கிற இடத்தில் விழுந்தது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த முருங்கைக் குச்சியை முறித்த மாதிரி. கூட்டத்தின் இரைச்சலில் நடுவருக்குக்கூடக் கேட்கவில்லை. இரண்டு பேருக்கு மட்டும் கேட்டது. அதற்கப்புறம் அந்த வலது கை வந்துகொண்டுதான் இருந்தது, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி வந்து தொட்டுவிட்டுப் போனது. மீரா உசேன் நாலு, ஐந்து, ஆறு என்று மூன்று ரவுண்டும் அந்தக் கை இருக்கிற பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து இனி ஒன்றும் வராது என்று தெரிந்தவர் மட்டுமே அங்கே போய் நிற்பார்.

அது சட்டப்படி தப்பில்லை. எந்த பாக்ஸரும் அப்படித்தான் செய்வார். ஆனால் ஆறு மாதமாகக் கடையில் உட்கார்ந்து ஆயிரம் தடவை சொன்ன கதையில் அந்தச் சத்தத்தை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சாப்பிடவில்லை என்று கோபப்பட்டாரே, அது கோபமே இல்லை. கை ஏன் நீளவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் இருப்பதற்கு அவருக்கு ஒரு கோபம் தேவைப்பட்டது. கையில் பிசைந்த சோறோடு அவர் அன்றைக்குத்தான் அதை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு சரி. நாளைக்கு என்ன சொல்வது என்று அப்போதும் முடிவு செய்யவில்லை. மனசு அவ்வளவு சீக்கிரம் கொடுத்துவிடுமா? இருந்தது ஒரே ஒரு ஜெயம்.

மறுநாள் கோர்ட்டில் நிற்க இடமில்லை. குப்பத்து ஜனம் ஒரு பக்கம், பொன்னாவரத்து ஆட்கள் ஒரு பக்கம், பாக்ஸிங் பார்க்கிற கூட்டம் ஒரு பக்கம். ராஜாத்தி வாசலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். நீலமேகம் கூண்டில் நின்றார். ஆறு மாதச் சிறையில் தோள் இறங்கியிருந்தது. வலது கை கோணலாகக் கூடி, விரல்கள் பாதி மடங்கியபடியே இருந்தன. மீரா உசேனைப் பார்த்தவர் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அரசாங்க வக்கீல் இதமாக ஆரம்பித்தார். எத்தனை வருஷப் பழக்கம், எத்தனை சண்டை, அந்த வலது கையின் பலம் எப்படி. எல்லாவற்றுக்கும் மீரா உசேன் சரியாகப் பதில் சொன்னார். பிறகு வக்கீல், "தை அஞ்சாந் தேதி நடந்த சண்டையைக் கோர்ட்டுக்குச் சொல்லுங்க" என்றார்.

சொல்ல ஆரம்பித்தார். பழகின கதை, தானாக ஓடியது. முதல் ரவுண்டு. இரண்டாம் ரவுண்டு. ஜட்ஜ்கூடப் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். மூன்றாம் ரவுண்டு வந்தது.

"வலது கை வந்துச்சுங்கய்யா. நான் தலையக் குனிஞ்சேன். உச்சியில பட்டுச்சு."

எப்போதும் இந்த இடத்தில், 'எனக்கு ஒண்ணும் ஆகல' என்று சொல்லித் தலையைத் தட்டிக்காட்டுவார். கை தலைவரைக்கும் போனது. அங்கேயே நின்றது. எதிரே கூண்டில் நீலமேகம் நிமிர்ந்து, முதல் முறையாக அவரை நேராகப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை அசைத்தார்.

"எலும்பு முறிஞ்சுச்சுங்கய்யா" என்றார் மீரா உசேன். "எனக்கில்ல. அவரு கையி. சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. பொன்னாவரத்துக்கு எட்டு நாள் முன்னாடியே அந்தக் கை உடைஞ்சு போச்சு. அந்தக் கையால அவரால ஒரு சோத்துப் பருக்கைய எடுக்க முடியாது. யாரு தாடையையும் உடைச்சிருக்க முடியாதுங்கய்யா."

அரசாங்க வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. சாட்சி பல்டி அடித்துவிட்டதாக ஜட்ஜிடம் சொல்லிவிட்டு, குறுக்கு விசாரணைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு இவர் பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா நீங்க ஜெயிச்சது ஒரு கை இல்லாத ஆளை. இல்லையா?"

"ஆமாங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அது பாக்ஸிங் பார்க்கிற கூட்டத்திலிருந்து வந்த சிரிப்பு.

"அது உங்களுக்கு அப்பவே தெரியும்?"

"தெரியும்ங்க."

"தெரிஞ்சும் ஆறு மாசமா ஏன் சொல்லல?"

மீரா உசேன் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "நான் அதுக்கு முன்னாடி அவர ஜெயிச்சதே இல்லீங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பஞ்சநதம் எழுந்து, மூணாம் நாள் சோற்றைப் பற்றி மட்டும் கேட்டார். நீலமேகம் சாப்பிடாமல் போனது ஊருக்கே தெரியும். இவர்தானே கடையில் உட்கார்ந்து ஊருக்குச் சொன்னவர்? எட்டாம் தேதியே அந்தக் கை சோறு எடுக்கவில்லை என்பதற்குச் சாட்சி கடைத்தெரு முழுக்க இருந்தது. சேக் தாவூதும் அப்துல் மஜீதும் வந்து அதையே சொன்னார்கள். டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார்கள். முறிவு எட்டுப் பத்து நாள் முந்தியும் இருந்திருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். மூன்றாம் வாரம் தீர்ப்பு வந்தது. நீலமேகம் விடுதலை.

குப்பத்தில் வெடி வெடித்தார்கள். மீரா உசேனை ஒருவரும் கூப்பிடவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. கடைத்தெருவில் அவர் கதை முடிந்துபோனது. "பாய், அடுத்த மேட்ச் யாரோட? நொண்டி ஒருத்தர் இருக்காரு, கேட்டுப் பாக்கவா?" என்று டீக்கடையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். இன்னொருவன் அவர் பார்க்கும்படி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து காட்டினான். அமிர்தலிங்கத்துக்குச் சொந்தமான நெல் கிடங்கில்தான் பாக்ஸிங் கழகம் நடந்து வந்தது. ஒரு வாரத்தில் அது பூட்டப்பட்டது. மீரா உசேன் நூல் கண்டுகளை அடுக்கி, பிரித்து, திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். நல்லது செய்தால் மனசு லேசாகும் என்கிறார்கள். அவருக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. சரியான காரியம் என்று தெரிந்தது. இழந்தது வலித்தது. இரண்டும் தனித்தனியாக இருந்தன.

வெளியே வந்து இரண்டு மாதமாகியும் நீலமேகம் இந்தப் பக்கம் வரவில்லை. புரட்டாசியில் ஒரு நாள், வெயில் ஏறின நேரம், கடைத்தெரு காலியாக இருந்தபோது வந்து படியில் ஏறினார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"உங்கள யாரு பாய் சொல்லச் சொன்னா?"

மீரா உசேன் திகைத்துப்போனார். நன்றி என்று சொல்ல வருவார், சங்கடப்படுவார், என்ன சொல்லிச் சமாளிப்பது என்றுதான் இரண்டு மாதமாக யோசித்து வைத்திருந்தார்.

"ஆயுள் தண்டனை குடுத்திருப்பாங்க நீலமேகம்."

"குடுத்திருக்கட்டும். ராஜாத்திக்காக உங்க கால்ல விழணும். அது வேற. அத அவளே வந்து செய்வா. நான் அதுக்கு வரல." அவருக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. "ஊரு இப்ப என்ன சொல்லுது தெரியுமா? கை மட்டும் நல்லா இருந்தா நீலமேகம்தான் ஜெயிச்சிருப்பான்ங்குது. போற எடத்துல எல்லாம் முதுகத் தட்டுறானுங்க. ஜெயிக்காததுக்கு ஜெயிச்சேன்னு தட்டு வாங்குறது எப்படியிருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா பாய்?"

மீரா உசேனுக்குத் தெரியும். ஆறு மாதம் அப்படி வாங்கியவர்தானே. தலையைக் குனிந்துகொண்டார்.

"உண்மையத்தான சொன்னேன்."

"பாதி." நீலமேகம் கல்லாப்பெட்டி மேல் இடது கையை ஊன்றிக்கொண்டார். "மூணாவது ரவுண்டத்தான் சொன்னீங்க. ரெண்டாவது ரவுண்டு உங்களுக்குத் தெரியாது. முடியப் போற நேரத்துல உங்க எடது கை கீழேருந்து வந்துச்சு. எனக்கு வலப்பக்கம், விலாவுக்கு அடியில. ஞாபகமிருக்கா?"

மீரா உசேன் யோசித்தார். ஒரு குத்து ஞாபகம் வந்தது. ஆயிரம் தடவை சொன்ன கதையில் அது கிடையாது. "அது உரசிட்டுப் போச்சு. படவே இல்லன்னுல்ல நெனச்சேன்."

"பட்டுச்சு. மொகத்துல காட்டல. ஸ்டூல்ல உக்காந்தப்ப எந்திரிக்க முடியுமான்னே தெரியல. உள்ள எல்லாம் கழண்டு போச்சு. இத்தன வருசத்துல மொத தடவையா உங்களப் பாத்து பயந்தேன். மூணாவது ரவுண்டுல நான் வீசுனது பயத்துல வீசுனது பாய். சீக்கிரம் முடிக்கணும்னு கண்ணு தெரியாம வீசுனேன். நெதானமா இருந்திருந்தா உங்க உச்சந்தலையில போயி அடிப்பேனா? அதுக்கு முன்னாடி நாலு தடவ மோதியிருக்கோம், என்னைக்காச்சும் அங்க அடிச்சிருக்கனா?"

இல்லை என்று மீரா உசேன் தலையசைத்தார்.

"கை உடைஞ்சதால நான் தோக்கல. தோத்துட்டதாலதான் கை உடைஞ்சுது. நீங்க ரெண்டு கை இருந்தவனத்தான் ஜெயிச்சீங்க."

மீரா உசேன் அந்த முகத்தையே பார்த்தார். அந்த முகத்தில் பொய்யும் நிஜமும் எப்படி வரும் என்று அவருக்கு அத்துப்படி. கண் சுருங்குகிறதா என்று பார்த்தார். சுருங்கவில்லை. ஆனால் சுருக்காமலும் குத்துகிற ஆள் அவர். எத்தனை தடவை ஏமாந்திருக்கிறார்.

"நெசமாவா நீலமேகம்? எனக்காகச் சொல்லலியே?"

"உங்களுக்காக நான் எதுக்கு பாய் சொல்றேன்?" என்றார் நீலமேகம். "தோத்தது நான். அது எப்படின்னு எனக்குத் தெரியாதா?"

கோணல் கையைத் துண்டால் மூடிக்கொண்டு படியிறங்கிப் போனார். மீரா உசேன் எழுந்து வாசலுக்கு வந்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எதிர் டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். போய்ச் சொன்னால் நம்புவார்களா? ரெண்டாவது ரவுண்டில் ஒரு குத்து, யாரும் பார்க்காதது, அடித்தவருக்கே தெரியாதது, அதில் ஜெயித்தேன் என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கமருன்னிஸா நம்புவாள், ஆனால் அவள் எதைச் சொன்னாலும் நம்புவாள். அதைச் சொன்னால், அது எப்படிப்பட்ட குத்து என்று புரிந்துகொள்ளக்கூடியவர் அவருக்கு உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் வெயிலில் தோணித்துறைப் பக்கமாகத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்.